கயல் காலில் பந்து இருக்கும்போது

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த மனுஷர் என்று ஒருத்தரைக்கூடக் காட்ட முடியாது. தண்ணீர் லாரி வந்தால் சத்தம். வராவிட்டால் அதைவிடப் பெரிய சத்தம். மூன்றாம் மாடிக்காரி கீழ்வீட்டுக்காரியிடம் கறிவேப்பிலை கேட்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட ஜனம் தினமும் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை ஆற்றோரத்து மைதானத்தில் முப்பது நாற்பது பேராகக் கூடி, இருமல் வந்தால்கூட முந்தானையில் அமுக்கிக்கொண்டு நின்றது என்றால் நம்புவீர்களா? நின்றது. மூன்று வருஷம் நின்றது. முனியம்மாளின் மகள் கயலுக்காக நின்றது.

கயலுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அப்பன் துரைராஜ் பிள்ளை பிறந்த அன்றே ஆசை ஆசையாய்க் கயல்விழி என்று பேர் வைத்தான். மூன்றாம் மாதம் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். வருஷம் திரும்புவதற்குள் சிந்தாதிரிப்பேட்டையில் அவனுக்கு வேறொரு குடித்தனம் ஏற்பட்டுவிட்டது. போகட்டும், அந்த ஆளின் கதை நமக்கெதற்கு. முனியம்மாள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துப் பிள்ளையை வளர்த்தாள். அவள் தம்பி அசோகன் ஆட்டோ ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன், அக்காவோடேயே இருந்தான்.

கயலுக்கு எட்டு வயசில் பிடித்தது கால்பந்துப் பைத்தியம். பிளாக்குப் பையன்கள் ஆடுவதைப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பந்து தெறித்து வந்து அவள் மடியில் விழுந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டவள் தரமாட்டேன் என்றாள். பையன்கள் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், ஐஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். ஊஹூம். கடைசியில் அசோகன்தான் பந்தை ஒரு கேரி பேக்கில் போட்டு இறுக்கி முடிச்சுப்போட்டு உருட்டிவிட்டான். சரசரவென்று அது போன திக்கில் பெண் எழுந்து ஓடினாள். தடுக்கி விழுந்தாள், எழுந்தாள், காதைச் சாய்த்தாள், மறுபடி ஓடினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

அந்தப் பையன்களின் டீமை நடத்திக்கொண்டிருந்தவன் செம்பியன். கேன் தண்ணீர் போடுகிறவன், இருபத்தாறு வயசு. கண் தெரியாதவர்களுக்கென்றே இந்த ஆட்டம் இருக்கிறது என்று அவன்தான் போனில் தேடிக் கண்டுபிடித்தான். உள்ளே மணி போட்ட பந்து ஒன்றையும் எங்கிருந்தோ வரவழைத்தான். உருண்டால் கலகலவென்று சத்தம் கேட்கும். அதற்கப்புறம் ஹவுசிங் போர்டில் நடந்ததைச் சும்மா சொல்லக்கூடாது, பெரிய பெரிய ஆட்களுக்கு வராத மனசு அங்கே வந்தது. கண் நன்றாகத் தெரிகிற எட்டுப் பையன்கள், கயலோடு ஆடுவதற்காகத் துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதல் மாசம் முழுக்க மண்டையோடு மண்டை முட்டிக்கொண்டு வீங்கித் திரிந்தார்கள். அவள் மட்டும் அவர்களுக்கு நடுவில் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டே இருந்தாள்.

அந்த ஆட்டத்துக்கு முறை இருக்கிறது. பந்தைப் பறிக்க வருகிறவன் "வர்றேன், வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் வரவேண்டும். கோல் பிடிக்கிறவனுக்குக் கண் கட்டு கிடையாது. அவன் தன் பக்கத்தில் ஆடுகிறவர்களுக்கு வழி சொல்வான். எதிர் கோலுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று எங்கே அடிக்கவேண்டும் என்று சொல்வான், அது அசோகன். நடு மைதானத்துக்கு ஓரத்தில் ஓர் ஆள், அது செம்பியன். பறிக்க வருகிறவனையும் இந்த மூன்று வாயையும் தவிர வேறு வாய் திறக்கக்கூடாது. திறந்தால் பந்தின் மணி அவளுக்குக் கேட்காது. பறக்கும் ரயில் பாலத்தின்மேல் போகும்போதுகூட, அத்தனை பேரும் அப்படியப்படியே நின்றுவிட்டு, சத்தம் அடங்கின பிறகுதான் ஆடுவார்கள்.

வேடிக்கை பார்க்கிற ஜனத்தை அடக்கத்தான் பெரும்பாடாக இருந்தது. செம்பியன் ஒரு சட்டம் போட்டான். கயல் காலில் பந்து இருக்கும்போது யார் வாயைத் திறந்தாலும் எல்லார் முன்னாலும் பத்து தோப்புக்கரணம். கறிக்கடை ஹபீபுர் ரஹ்மான் போட்டார், ஐம்பத்தெட்டு வயசு, தொப்பையோடு. அதிகம் போட்டது யார் என்றால் முனியம்மாள்தான். பெற்றவள் ஆயிற்றே! மகள் ஓட ஆரம்பித்தாலே அவளுக்கு "பாத்துடி!" என்று தன்னை மீறி வந்துவிடும். ஆட்டம் நிற்கும். கயல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒண்ணு ரெண்டு என்று எண்ண, அம்மாக்காரி காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவாள். ஊரே சிரிக்கும். முனியம்மாளும் சிரிப்பாள். ஆனால் ஒருநாள் ராத்திரி, கயல் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னாள்: நீ கத்தினால் எனக்குப் பந்தும் போய்விடுகிறது, வழியும் போய்விடுகிறது, நடுரோட்டில் விட்டாற்போல் இருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து முனியம்மாள் மாறினாள். வாய் வரைக்கும் வருவதைக் கையால் பொத்திப் பொத்திப் பழகினாள். மகளுக்காகத் தாய் எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை?

கயலுக்குப் பதினொன்று முடிந்த ஆவணியில், மழைநீர் வாய்க்காலுக்கென்று மைதானத்தின் ஓரமாகப் பள்ளம் வெட்டினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அடியில் கம்பி கட்டி, முனைகள் மேலே பார்த்தாற்போல் நிறுத்தியிருந்தார்கள். காண்டிராக்டுக்காரன் ஒரு நாடாவைச் சுற்றிவிட்டுப் போனவன்தான், மூன்று வாரம் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. ஆட்டக் கட்டத்தை நாலடி தள்ளிப் போட்டார்கள். பள்ளத்துப் பக்கம் முழுக்கச் சவுக்குக் கம்பு நட்டு, கட்சிக்காரர்களின் பழைய பேனர்களை இழுத்துக் கட்டினார்கள். பந்து பட்டால் திரும்பிவிடும். கயல் பட்டாலும் திரும்பிவிடுவாள்.

அன்று வியாழக்கிழமை. காலையில் கம்பி இறக்க வந்த ஆட்கள் இரண்டு சவுக்குகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் சுருண்ட பேனர் மடிந்து தொங்கியது. பார்க்கிறவர்களுக்கு அது அடைத்திருப்பது போலத்தான் தெரிந்தது. சாயங்காலம் ஆடுவதற்கு ஒரு பையன் குறைந்தான். செம்பியன் துண்டை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு தானே இறங்கிவிட்டான். நடு மைதானத்துக்குக் குரல் கொடுக்க யாரையும் நிறுத்தவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியிருக்கவேண்டும், இல்லையா? முப்பது பேரில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்கவேண்டும்.

நடு மைதானத்தில் பந்து யாரோ ஒருவன் காலில் பட்டு ஓரமாகத் தெறித்தது. மணி கலகலக்க, மடிந்து கிடந்த பேனருக்குக் கீழே நுழைந்து பள்ளத்தைப் பார்த்து உருண்டது. கயல் அதன் பின்னால் ஓடினாள். கண் கட்டியிருந்த பையன்களுக்கு ஒன்றும் தெரியாது. அசோகன் கோலுக்குப் பின்னால் தூரத்தில் இருந்தான். கோல் பிடிக்கிறவன் அந்தக் கோடியில். கரையில் நின்ற முப்பது பேருக்கும் தெரிந்தது. ஒவ்வொருத்தருக்கும் வாய் வரைக்கும் வந்தது. கயல் காலில் பந்து இருக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்று மூன்று வருஷமாகப் பழகின வாய்கள். இவர் கத்துவார் என்று அவரும், அவர் கத்துவார் என்று இவரும் பார்த்தார்கள். எல்லாம் ஒரு மூன்று விநாடி. அப்புறம் கத்தினார்கள். அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். கயல் அப்போது பள்ளத்துக்குள் இருந்தாள்.

முனியம்மாள் அங்கேதான் நின்றிருந்தாள். அந்த இடைவெளிக்குப் பக்கத்திலேயே, மணல் மூட்டைமேல். வேலையிலிருந்து சீக்கிரம் வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நின்றிருந்தாள். கயல் அவளைத் தாண்டித்தான் ஓடினாள். கையை நீட்டியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். அந்தக் கை அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

ஒரு கம்பி கெண்டைச் சதையில் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் பதினேழு நாள். முதல் நாள் கட்டுப்போட்ட நர்சம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, முப்பது பேரும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். அசோகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். செம்பியன் வார்டுக்குள் வராமல் வெளியே மரத்தடியிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். முனியம்மாள் அழவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் கயலுக்கு நினைவு நன்றாகத் தெளிந்தது. முதலில் பந்து எங்கே என்று கேட்டாள். அப்புறம் மெதுவாக, "அன்னிக்கி நீ எங்கம்மா இருந்த?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போயிருந்தேன்டி," என்றாள் முனியம்மாள். "நான் அங்க இல்ல."

கயல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலி போலிருக்கிறது என்று முனியம்மாள் நினைத்தாள். அன்றைக்கே அசோகனிடமும் செம்பியனிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிவைத்தாள்: நான் அங்கே இருந்ததாக யாரும் அவளிடம் சொல்லக்கூடாது. யார் சொல்வார்கள்? அவர்கள் மட்டும் என்ன யோக்கியமா, எல்லாருக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஜனம் அவர்களைத் தாங்கியது. அதைத் தாங்கல் என்பதா, பரிகாரம் என்பதா, தெரியவில்லை. எதிர்வீட்டு அமீனா பீ ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டு வந்தாள். பையன்கள் முறை போட்டுக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து நாற்காலியோடு கயலைத் தூக்கி இறக்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். வருகிறவர்கள் எல்லாம் முனியம்மாளைப் பார்த்து, நீ என்ன பண்ணுவாய், விதி, என்றார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். விதியாவது மண்ணாங்கட்டியாவது! விதி வந்து அவள் வாயைப் பொத்தவில்லை. மணி போட்ட பந்தைச் செம்பியன் ஒரு சாக்கில் கட்டித் தன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டான். மைதானத்தில் யாரும் ஆடவில்லை. பள்ளத்தின்மேல் ஒருவழியாகக் காங்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். பிள்ளை விழுந்த பிறகு நாலே நாளில் மூடினார்கள்.

ஆறு மாசம் கழித்துக் கயல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எட்டாம் மாசம் கொஞ்சம் விந்தி விந்தி ஓடினாள். ஓட முடிந்த அன்றே மைதானத்துக்குப் போகவேண்டும் என்றாள். முனியம்மாள் முடியாது என்றாள். ஒரு தரம் பட்டது போதும், உனக்கும் போதும், எனக்கும் போதும், இனி அந்தப் பேச்சே எடுக்காதே என்று தீர்த்துச் சொன்னாள். கயல் அடம்பிடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படுப்பாள். சோறு போட்டால் நாலு வாய் தின்பாள். ஐந்தரை மணியானால் எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்காருவாள். கீழே ஒரு சத்தமும் இருக்காது. ஆறரைக்கு எழுந்து வந்து மறுபடி படுத்துக்கொள்வாள். இப்படிப் பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் முனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாழாய்ப்போன பந்தில் அப்படி என்னதான்டி இருக்கிறது என்று கேட்டாள்.

"நீங்கல்லாம் எனக்கு இருட்டு இருட்டுன்றீங்க. அது இன்னான்னு எனக்குத் தெரியாது," என்றாள் கயல். "பந்து வந்தா எது எங்க கீதுன்னு தெரியுது. யார் எங்க நிக்கிறான், செவுரு எம்மாந்தூரம், எல்லாம். பந்து இல்லாட்டி ஒண்ணுமே இல்லம்மா."

மறுநாள் முனியம்மாள் தானே செம்பியன் வீட்டுக்குப் போய்ப் பந்தை இறக்கச் சொன்னாள்.

இந்த முறை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய கதவுகளாகத் தேடிக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தி ஆணி அடித்தார்கள். தினமும் ஆட்டத்துக்கு முன்னால் ஹபீபுர் ரஹ்மான் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தார். செம்பியன் தன் இடத்தைவிட்டு அங்குலம் நகர்வதில்லை என்று எல்லார் முன்னாலும் அசோகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பழைய சட்டத்தையும் மாற்றினார்கள். ஆபத்து என்று கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கத்தலாம், தோப்புக்கரணம் கிடையாது.

அப்படிச் சொன்னதுதான் தாமதம், முதல் நாள் கயல் பந்தைத் தொட்டதுமே முப்பது பேரும் கத்தினார்கள். கதவுக்குப் பத்தடி இருக்கும்போதே "கதவு, கதவு!" என்றார்கள். பையன் ஒருத்தன் எதிரே வந்தால் "ஆளு, ஆளு!" அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நாலாம் நாள் செம்பியன் கையெடுத்துக் கும்பிட்டு, பழைய சட்டத்துக்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டான். ஒவ்வொருத்தராக அடங்கினார்கள். முனியம்மாள் அந்த மூன்று நாளும் மைதானத்துக்கு வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீனிவாசராகவன் வந்தார். மயிலாப்பூர்க்காரர், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பார்வையில்லாத பெண்களுக்கு ஒரு டீம் சேர்த்துக்கொண்டிருந்தார். செம்பியன் அனுப்பின வீடியோவைப் பார்த்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து நாலு பெண்களை வேனில் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். கயலை ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் அடுத்த மாசப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். முந்தின நாள் ராத்திரி கயல் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நாளைக்கு ஒரே ஒருநாள் வந்து நில்லேன் என்று கேட்டாள். முனியம்மாள் வருகிறேன் என்றாள். வாய் திறக்கமாட்டேன் என்றும் சொன்னாள்.

அன்று ஹவுசிங் போர்டே திரண்டு வந்திருந்தது. ஸ்ரீனிவாசராகவன் சுற்றிலும் பார்த்து, "எங்காத்துல டிவி ஓடிண்டிருந்தா நாலு பேர் வாயை மூட முடியறதில்லை. இவ்வளவு ஜனம் எப்படி நிக்கறது!" என்று செம்பியன் காதில் சொன்னார். வந்த பெண்களும் நன்றாக ஆடினார்கள். கயல் அவர்களைவிட நன்றாக ஆடினாள். விந்தினாலும் பந்தை இரண்டு காலுக்கும் நடுவே தட்டிக்கொண்டு, கலகலவென்ற சத்தம் விட்டுப்போகாமல், இரண்டு பேரைத் தாண்டினாள். முனியம்மாள் கதவு ஓரமாக நின்றாள். கையை வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோக முடியவில்லை. இரண்டு கையாலும் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது பெண் "வர்றேன், வர்றேன்" என்று குறுக்கே வந்தாள். கயல் ஒதுங்கி, பந்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அந்த ஓரத்துக்கு. பழைய பள்ளத்தின் பக்கம். அங்கே ஆணியடித்த கதவு இருந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் லாரி ஏறினாலும் தாங்குகிற காங்கிரீட் இருந்தது. முனியம்மாளுக்கு அதெல்லாம் தெரியாதா? தெரியும். தினமும் அந்தப் பலகைமேல்தான் வேலைக்கு நடந்து போகிறாள். ஆனால் பிள்ளை அந்தப் பக்கம் ஓடுவதைக் கண்டதும் அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"கயலு! பள்ளம்! பள்ளம்டி!"

எட்டு மாசமாக அடைத்துக்கிடந்தது அந்தக் குரல். ஆற்றங்கரைப் பறவைகள் எழும்பின. கயல் ஓடின கால் ஓடினபடிக்கே நின்று, மடிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முன்னால் மண்ணைத் தடவினாள். விளிம்பைத் தேடினாள். முன்னால் தடவினாள், பக்கத்தில் தடவினாள், பின்னால் தடவினாள். எங்கும் மண்தான் இருந்தது. அவளுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பந்து கதவில் முட்டி நின்றுவிட்டது. கயல் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்கள் என்ன என்ன என்று ஒருத்தரையொருத்தர் கேட்டார்கள்.

அசோகன் ஓடிவந்து, பள்ளமெல்லாம் மூடியாச்சு, ஒன்றும் இல்லை என்று காதருகே சொல்லித் தூக்கி நிறுத்தினான். முனியம்மாள் பக்கத்தில் போனாள். அவளுக்குத் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளவேண்டும் போலிருந்தது. தெரியாமல் கத்திவிட்டேன்டி, இனி கத்தமாட்டேன், என் மேல் ஆணை, என்று என்னென்னவோ சொன்னாள்.

கயல் மூச்சு சமாளித்துக்கொண்டு, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். கோபமே இல்லை அந்தக் குரலில், அதுதான் கொடுமை.

"அன்னிக்கி நீ அங்கதாம்மா இருந்த. எனக்குத் தெரியும். நான் ஓடுறப்போ உன் மூச்சு கேட்டுச்சு. சடக்குன்னு இழுத்த. நீ கத்தப்போறன்னு நெனச்சேன். அப்பால ஒண்ணும் கேக்கல."

ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை எட்டு மாசமாகத் தெரிந்தே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது பெண்.

"இன்னிக்கும் ஆரம்பத்துலேந்து அதையே கேட்டுக்கினு கீறேன்," என்றாள் கயல். "நீ மூச்சு இழுக்கிறியா, கத்தப்போறியான்னு. பந்தக் கேக்க முடியல. நீ இருந்தா உன்னத்தான் கேக்குது. போம்மா. எட்டப் போயிரு."

ஸ்ரீனிவாசராகவன் வந்து, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று தன்மையாகக் கேட்டார். இல்லை சார், இப்பவே ஆடுறேன் என்றாள் கயல். முனியம்மாள் திரும்பி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. அமீனா பீ கையைப் பிடித்தாள், உதறிக்கொண்டு போனாள். முதல் பிளாக்கைத் தாண்டினாள், இரண்டாவதைத் தாண்டினாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லை என்றால் கயல் காலில் பந்து இருக்கிறது என்று அர்த்தம். கயல் விழுந்த அன்றைக்கும் சத்தம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதனால் வேகமாக நடந்தாள். மெயின் ரோட்டில் நூலகத்துப் பக்கமாகப் போகிற பஸ்களும் ஆட்டோக்களும் இரைகிற இடத்துக்கு வந்து, பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு ரயில் போனது. இரண்டாவது ரயிலின் இரைச்சல் அடங்கினபோது மைதானத்துத் திக்கிலிருந்து ஓவென்று ஒரு கூச்சல் வந்தது. அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினாற்போல. அன்றைக்கும் இப்படித்தான் வந்தது. முனியம்மாள் எழுந்தாள். எதிரே ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மறுபடி உட்கார்ந்து, தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ.

அசோகன்தான் கயலைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு தேடி வந்தான். ஒரு கோல் போட்டுட்டா அக்கா, எடுத்துக்கிட்டாங்க, அடுத்த மாசம் பயிற்சிக்குப் போறா, என்று மூச்சுவிடாமல் சொன்னான். முனியம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து கயலின் காலைத் தொட்டுப் பார்த்தாள். கெண்டையில் கம்பி ஏறின தழும்பையும், முழங்காலையும், மண் அப்பின பாதத்தையும் தடவினாள். எல்லாம் இருந்தது.

"இங்கயா இருந்த?" என்றாள் கயல். "அங்கேந்து எதுனா கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலடி."

கயல் கையை நீட்டித் துழாவி அம்மாவின் முகத்தைப் பிடித்தாள். அது நனைந்திருந்தது. தன் சட்டை நுனியாலேயே துடைத்துவிட்டாள்.

"நல்லதாப் போச்சு. இனிமேட்டு நான் ஆடுறப்போ நீ இங்கயே இரும்மா," என்றாள்.

முனியம்மாள் சரி என்றாள். வேறென்ன சொல்வாள், பாவம்? மறுநாள் வேலை முடிந்து வந்தவள், ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்டேஷன் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.